ஊசிப் பதிவேடு

கப்பலூரில் எங்கள் கம்பெனியில்
ஊசி உடைந்தால் லைன் நிற்கும்.
துண்டு துண்டாய்ப் பொறுக்கி
பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி
தேதி, மெஷின் நம்பர், ஒடித்தவள் பெயர்
எழுதிய பிறகுதான் புது ஊசி தருவேன்.
பிள்ளைச் சட்டைக்குள் இரும்பு போய்விடக்கூடாது,
ஜப்பான்காரர்கள் போட்ட விதி.
ஒன்பது வருஷமாய் அந்த அலமாரிச் சாவி
என் இடுப்பில்.

பதிவேட்டைச் சோதிக்க வந்தவள் பெயர் குராதா.
அவள் பேசினால் கைபேசி தமிழில் சொல்லும்,
செய்தி வாசிப்பவள் குரலில்.
பக்கம் பக்கமாய்ப் புரட்டினாள்.
மீன்முள் மாதிரி வரிசையாய் ஊசிகள்.
நிறைந்த புத்தகங்களை என்ன செய்வீர்கள் என்றாள்.
பழைய இரும்புக்காரருக்கு என்றேன்,
கிலோ கணக்கில்.

தெரிந்தவர் சாவைக் கேட்டதுபோல
அவள் முகம் போயிற்று.

எங்கள் ஊரில், என்றது கைபேசி,
பிப்ரவரி எட்டாம் தேதி
உடைந்த ஊசிகளைக் கோயிலுக்கு எடுத்துப் போவோம்.
தட்டில் சோயாக்கட்டி இருக்கும், பஞ்சு மாதிரி.
அதில் குத்தி வைப்போம்.
வருஷமெல்லாம் முரட்டுத் துணியில் ஏறி இறங்கியதற்குக்
கடைசியாய் மெத்தென்று ஓர் இடம்.

"இட்லி மாதிரியா?" என்றாள் ஒச்சம்மா.
கைபேசி திணறியது.

ஊசிக்குக்கூடவா சாமி?
எண்பது லட்சம் இருக்கிறதாம் அவர்களுக்கு.
எண்ணியவர் இல்லை, நிறைய என்பதற்கு அப்படியொரு பேச்சு.
மலைக்கு, அடுப்புக்கு, அருவிக்கு.
மரத்தைச் சுற்றி வைக்கோல்புரி கட்டியிருந்தால்
சாமி என்று ஒதுங்கிப் போவார்களாம்.
"எங்கூருல மஞ்சத்துணி" என்றாள் சுருளியம்மா,
காஜா அடித்துக்கொண்டே.
யார் ஆரம்பித்து வைத்தது?
யாருமில்லை.
அவள் அதை வெட்கப்படாமல் சொன்னாள்.

கேன்டீன் குழாயடியில் எவர்சில்வர் தம்ளரால்
இடக்கை முதலில், பிறகு வலக்கை,
பிறகு வாய் கொப்பளித்துக் காட்டினாள்.
பாவத்துக்கில்லை, தூசுக்கு.
படியும், கழுவினால் போகும்.

அடுத்த வாரம் முப்பத்தொரு பேர் லீவு ஏன் என்று
அட்டவணையைப் பார்த்துக் கேட்டாள்.
மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.
ஒச்சம்மாதான் சொன்னாள்:
மாசிச் சிவராத்திரி. உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்குப்
பெட்டிதான் சாமி.
உள்ளே என்ன?
பாக்க மாட்டோம்.
எங்கள் கோயிலிலும்
உள்ளே வைத்திருப்பதைப் பார்க்க மாட்டார்கள் என்றாள் குராதா.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள்போல நின்றார்கள்.

"தீட்டு நாளுல ஒங்கள உள்ள விடுவாகளா?"

கைபேசி சொல்லி முடித்ததும்
குராதா மேனேஜரைப் பார்த்தாள். அவர் நகர்ந்து போனார்.
"முன்பு விடமாட்டார்கள்.
இப்போது கேட்பதில்லை.
நான் சொல்வதுமில்லை."
ஒச்சம்மா சிரித்த சிரிப்பில்
பதினாலாம் மெஷினில் ஊசி ஒடிந்தது.

நுனி கிடைக்கவில்லை.
இரண்டு மில்லிமீட்டர்.
காந்தக் கட்டையோடு எல்லாரும் முட்டிபோட்டுத் தேடினோம்,
குராதாவும், வெள்ளைச் சட்டை கரியாக.
ஒரு மணி நேரம்.
பிறகு எழுந்து, வாசலைப் பார்த்து ஒருதரம் குனிந்துவிட்டு
நாற்பது சட்டைகளையும் கழிக்கச் சொல்லிச்
சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டாள்.
விதி விதிதான்.

சனிக்கிழமை ஒச்சம்மா டிபன் பாக்ஸில்
இட்லி கொண்டுவந்தாள், ஆறிப்போனது.
பழைய புத்தகம் ஒன்றிலிருந்து பிரித்துக்
குத்திக் குத்தி வைத்தோம், முள்ளம்பன்றி மாதிரி.
கை தட்டணுமாமே, எத்தனை? ரெண்டு.
தட்டினோம்.
ஷிப்ட் முடிந்ததென்று
கட்டிங் பக்கம் நாலு பேர் பையைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த நுனி மட்டும் இன்னும்
இந்தத் தகரக் கூரைக்குக் கீழே எங்கேயோ.
ராத்திரி விளக்கணைத்துப் பூட்டுமுன்
பதினாலாம் மெஷின் பக்கம் போகும்போது
செருப்பைக் கழற்றிவிடுகிறேன்.
குத்தினால் குத்தட்டும்.